மூன்று சுழியா, இரண்டு சுழியா: 1996ஆம் ஆண்டுக் கணினிக்கு இரண்டாவது மெகாபைட்

போன வருடக் கடைசியில் சிங்கப்பூரின் ஆங் மோ கியோவில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குப் போனேன். என் அம்மாவோடு ஒரே தொடக்கப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் கூப்பிட்டிருந்தார். படுக்கையறை மூலையில், தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில், பூப்போட்ட துணி போர்த்தி ஒரு கணினி இருந்தது. 1996இல் வாங்கியது. பெண்டியம் 133, ரேம் 16 மெகாபைட், விண்டோஸ் 95. துணியை விலக்கினால் பெட்டி மஞ்சளேறி இருந்ததே தவிர ஒரு பொட்டுத் தூசி இல்லை.

"தம்பி, ஓடுது. ஆனா படிக்க முடியல. மூணு சுழியா ரெண்டு சுழியான்னே தெரியல" என்றார் டீச்சர்.

அந்த ஒரு வாக்கியத்திலேயே முழுப் பிரச்சினையும் இருந்தது. அதை நான் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. மங்கலான திரை, கேபிளை மாற்றினால் சரியாகிவிடும் என்றுதான் முதலில் நினைத்தேன்.

கணினியில் இருந்தவை அவர் பள்ளிக்காகத் தயாரித்த ஆண்டு மலர்கள். பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் பக்கம் பக்கமாக வடிவமைத்தவை. பிள்ளைகள் எழுதிய கதை, கவிதை, பொங்கல் கொண்டாட்டப் படங்கள், படத்துக்குக் கீழே பெயர்கள். அச்சடித்த பிரதிகளில் பாதி கைக்குக் கை போய்த் தொலைந்துவிட்டன. இப்போது அவற்றை மடிக்கணினியில், எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடில் மறுபடி தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார். பழைய கணினியில் பார்த்து, புதியதில் அடிப்பது. கோப்புகளை அப்படியே புதிய கணினிக்கு மாற்ற முடியாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு குறியீட்டு வரிசை வைத்திருந்தன. ஒன்றில் 'க' இருக்கும் இடத்தில் இன்னொன்றில் 'ஞ' இருக்கும். 1997 மே மாதம் இதே சிங்கப்பூரில் நடந்த தமிழ்நெட் '97 மாநாட்டில் பேசப்பட்ட பெரிய சிக்கலே இதுதான். கணியன் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கிய நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய மாநாடு அது. யுனிகோடு தமிழ் விண்டோஸுக்குள் வந்தது விண்டோஸ் 2000இல். டீச்சரின் மலர்கள் அதற்கு முந்தியவை. குறியீட்டை மாற்றும் நிரல் எழுதித்தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டார். அடிக்கும்போதே பிழையும் பார்க்கிறாராம். அது அவர் வேலை, அவர் முறை.

ஆக, என் பொறுப்பு ஒன்றே ஒன்று. அந்தத் திரையில் எழுத்து தெரியவேண்டும்.

வந்தபோது இருந்த நிலை

பழைய கண்ணாடிக் குழாய்த் திரை எப்போதோ போய்விட்டது. மகன் கொண்டுவந்து வைத்த 15 அங்குல எல்சிடி திரை இருந்தது. அதன் சொந்த அளவு 1024க்கு 768 பிக்சல், அதாவது திரைப்புள்ளி. கணினி அனுப்பிக்கொண்டிருந்ததோ 800க்கு 600. குழாய்த் திரைக்கு இது பெரிய விஷயமில்லை, எந்த அளவு வந்தாலும் தன்போக்கில் வரைந்துகொள்ளும். எல்சிடியில் பிக்சல்கள் கண்ணாடியில் நிலையாகப் பதிந்தவை. 800 பிக்சலை 1024 இடத்தில் இழுத்துப் பரப்பும்போது ஒரு கோடு ஒன்றேகால் பிக்சல் அகலம் ஆகிவிடுகிறது. கால் பிக்சல் என்று ஒன்று கிடையாது. அதனால் பக்கத்துப் பிக்சலில் சாம்பல் நிறமாகக் கசியும். ஆங்கில எழுத்து இதைத் தாங்கிக்கொள்ளும். தமிழுக்கு அது நடக்காது. 'ண'வின் மூன்று சுழிக்குள்ளே இருக்கும் வெள்ளை இடைவெளி ஒவ்வொன்றும் ஒரு பிக்சல், மிஞ்சினால் இரண்டு. அதில் சாம்பல் புகுந்தால் மூன்று சுழியும் இரண்டு சுழியும் ஒரே கறுப்புத் திட்டு. மெய்யெழுத்தின் தலைப்புள்ளி பாதி நேரம் காணாமலே போய்விடும்.

அளவை 1024க்கு 768 என்று மாற்றிப் பார்த்தேன். எழுத்து உடனே துலங்கிவிட்டது! டீச்சர் முகமும்தான். ஆனால் அடுத்த பக்கத்தைத் திறந்தபோது பொங்கல் படத்தில் நின்ற பிள்ளைகளின் முகமெல்லாம் பச்சையும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாக இருந்தது. யார் யாரென்று அடையாளம் தெரியவில்லை. திரை 256 நிறத்துக்கு இறங்கியிருந்தது. படத்துக்குக் கீழே 'இடமிருந்து வலம்' என்று பெயர்கள் இருக்கின்றன. சில பக்கங்களில் அந்த வரிசையே தப்பு என்று டீச்சருக்கு நினைவு, முகத்தைப் பார்த்துத்தான் திருத்த வேண்டும். எழுத்து தெரிந்தால் முகம் தெரியாது, முகம் தெரிந்தால் எழுத்து தெரியாது. அவர் இதுவரை பக்கத்துக்குப் பக்கம் அளவை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். விண்டோஸ் 95இல் நிற எண்ணிக்கையை மாற்றினால் கணினியை மறுபடி தொடங்கச் சொல்லும். ஒரு பக்கத்துக்கு ஒரு தடவை. எழுபது வயதுக்கு மேல் ஒருவர் இப்படி உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

கணக்கு

பெட்டியைத் திறக்கும் முன்பே காரணம் தெரிந்துவிட்டது, ஏனென்றால் இது வெறும் பெருக்கல் கணக்கு. திரையில் தெரியும் ஒவ்வொரு பிக்சலும், திரைக்குப் படம் அனுப்பும் வீடியோ கார்டின் மெமரியில் எங்கேயோ எழுதப்பட்டிருக்க வேண்டும். 256 நிறம் என்றால் பிக்சலுக்கு ஒரு பைட். 65,536 நிறம், அதாவது விண்டோஸ் 'ஹை கலர்' என்று சொல்வது, பிக்சலுக்கு இரண்டு பைட்.

800 × 600 × 2 = 960,000 பைட். ஒரு மெகாபைட் என்பது 1,048,576 பைட். உள்ளே அடங்கிவிடும். 1024 × 768 × 1 = 786,432. இதுவும் அடங்கும். 1024 × 768 × 2 = 1,572,864. அடங்காது. அவ்வளவுதான். ஒரே ஒரு மெகாபைட் மெமரி உள்ள கார்டு, எழுத்தா முகமா என்று டீச்சரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கிறது.

ஆப்பிள் மேக் வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்குதான், அங்கே இன்னும் நெருக்கிப்பிடித்திருப்பார்கள். 1993இல் வந்த எல்சி 475இல் 512 கிலோபைட் வீடியோ மெமரி, அதாவது 256 கிலோபைட் அட்டை இரண்டு. இரண்டையும் எடுத்துவிட்டு 512 கிலோபைட் அட்டையாகப் போட்டால் ஒரு மெகாபைட். அதில் 832க்கு 624 திரையை இரண்டு பைட் நிறத்தில் ஓட்டலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள், 1,038,336 பைட். மிச்சம் இருப்பது சரியாக 10,240 பைட். அந்தத் திரை அளவைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மெகாபைட்டை அளந்து வைத்து வெட்டியதுபோலத் தோன்றும். (ஆப்பிளுக்கு 1981 முதலே ஆங் மோ கியோவில் ஆலை இருந்தது என்பதையும் டீச்சரிடம் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருந்தது, பழைய மாணவர்களின் பெற்றோர் சிலர் அங்கே வேலை பார்த்தார்களாம்.)

சரி, பெட்டிக்கு வருவோம். கணினியைத் தொடங்கிய முதல் நொடியில் வீடியோ கார்டு தன் பெயரையும் மெமரி அளவையும் திரையின் மேல்மூலையில் காட்டும். எல்சிடி திரை விழித்துக்கொள்வதற்குள் அந்த வரி போய்விடுகிறது. திரை விழித்தபிறகு கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் அழுத்தி மறுபடி தொடங்கினால் பிடித்துவிடலாம். எஸ்3 டிரியோ64வி+, 1 மெகாபைட் என்று வந்தது.

கார்டைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். நடுவில் எஸ்3 நிறுவனத்தின் 86சி765 சில்லு. பக்கத்தில் பற்றவைத்த இரண்டு மெமரி சில்லுகள். அவற்றுக்குக் கீழே, அதே அளவில், இரண்டு காலி சாக்கெட். தொழிற்சாலையிலிருந்து வந்த நாள்முதல் எதுவும் நுழையாத சாக்கெட்டுகள். மெமரி விலை கொழுத்திருந்த காலத்தில் கார்டு செய்தவர்கள் பலர் இப்படித்தான் விற்றார்கள். ஒரு மெகாபைட் போட்டு, பிறகு வேண்டுமானால் வாங்கிச் செருகிக்கொள்ள இடம் விட்டார்கள். 1996லேயே மெமரி விலை சரியத் தொடங்கிவிட்டது. ஆனால் ஏற்கெனவே வாங்கிய கணினியைத் திறந்து யார் செருகப் போகிறார்கள்? டீச்சருக்கு அப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது.

இங்கே ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது என்னிடம் இதே சிக்கலோடு வந்தால், நான்கு மெகாபைட் உள்ள, பிசிஐ செருகியில் பொருந்தும் வீடியோ கார்டு ஒன்றைத் தேடி மாற்றுங்கள் என்றுதான் சொல்வேன். வேலை சுலபம், சில்லுகளைத் தேடி அலைய வேண்டாம். டீச்சர் கணினியில் நான் அதைச் செய்யாததற்கு இரண்டு காரணம். பேஜ்மேக்கரும் எழுத்துருக்களும் இந்த கார்டை இயக்கும் டிரைவர் நிரலோடு பல வருடம் ஒழுங்காக ஓடியிருக்கின்றன, ஓடுகிற வண்டியில் புது டிரைவர் ஏற்றிப் பார்க்கும் துணிச்சல் எனக்கு வரவில்லை. வன்தட்டு அந்தக் காலத்தது, அதைத் தேவைக்கு மேல் உலுக்கக் கூடாது. இரண்டாவது காரணம், இந்த கார்டிலேயே கிடைக்கக்கூடிய வேகம்.

வேகத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்த மெமரி சில்லு ஒவ்வொன்றும் 262,144 இடங்கள் கொண்டது, இடத்துக்கு 16 பிட். ஒரு சில்லு அரை மெகாபைட். ஒரு சில்லோடு பேச 16 தடம். இரண்டு சில்லு இருந்தால் 32 தடம், நான்கு இருந்தால் 64. டிரியோ64 என்ற பெயரில் உள்ள 64 இதுதான். அதாவது ஒரு மெகாபைட்டோடு விற்ற டிரியோ64 கார்டு தன் பாதி அகலத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. காலி சாக்கெட்டை நிரப்பினால் இடம் இரட்டிப்பாவது மட்டுமல்ல, பாதையும் இரட்டிப்பாகும். இது முக்கியம், ஏனென்றால் திரை சும்மா இருக்கும்போதும் கார்டு அந்த 1,572,864 பைட்டையும் நொடிக்கு 60 தடவை வாசித்துத் திரைக்கு அனுப்பியாக வேண்டும், நொடிக்கு 94 மில்லியன் பைட்டுக்கு மேல். விண்டோஸ் வரைவதெல்லாம் அந்த வாசிப்புக்கு நடுவில் கிடைக்கும் சந்தில்தான்.

சில்லுகளைத் தேடி

வேண்டியது இரண்டு சில்லு. 40 கால், எஸ்ஓஜே உறை, கால்கள் 'ஜே' எழுத்துபோல உள்பக்கம் மடிந்திருக்கும். அளவு பொருந்தினால் போதும் என்று வாங்கிவிடக் கூடாது. ஒரே அளவு, ஒரே உறை, ஒரே 40 கால், ஆனால் உள்ளே மூன்று விதமாக வேறுபடலாம்.

முதலாவது, 16 பிட்டை இரண்டு எட்டாகப் பிரித்து எழுதும் முறை. ஹிட்டாச்சியின் எச்எம்514260 இரண்டு சிஏஎஸ் (நெடுவரிசை முகவரியைக் குறிக்கும் சமிக்ஞை) கால் கொண்டது, எச்எம்514270 இரண்டு எழுதுகால் கொண்டது. எண்ணில் ஒரே இலக்கம்தான் வித்தியாசம், ஒன்றின் இடத்தில் மற்றது வேலை செய்யாது. இரண்டாவது, வேகம். 60 என்றால் 60 நானோநொடி, சில்லின் முதுகில் பெரும்பாலும் '-6' அல்லது '-60' என்று இருக்கும். மூன்றாவது, நான் மாட்டிக்கொண்டது: ஃபாஸ்ட் பேஜ் வகையா, இடிஓ வகையா என்பது.

கார்டில் பற்றவைத்திருந்தவை இடிஓ, 60. இணையத்தில் ஒரு விற்பனையாளர் 'இடிஓ, சோதித்தது' என்று போட்டிருந்ததைப் பார்த்து ஒரு ஜோடி வாங்கினேன், சில வெள்ளிதான். வந்து சேர்ந்ததும் செருகிவிட்டேன். முதுகில் இருந்த எண்ணை வாசிக்காமல் செருகியது என் தப்பு. கணினி தொடங்கியதும் எழுத்துகளுக்கு நடுவே நிறப்பொடி தூவியதுபோல ஆனது. விண்டோஸ் வரை போகவே விடாமல் அணைத்தேன். சில்லைப் பிடுங்கி விளக்கில் சாய்த்துப் பார்த்தால் கேஎம்416சி256. அது சாம்சங்கின் ஃபாஸ்ட் பேஜ் சில்லு. இடிஓவுக்கு எண் கேஎம்416சி254. அந்த விற்பனையாளரிடம் சொன்னதும் பணத்தைத் திருப்பித் தந்தார்.

வித்தியாசம் என்னவென்றால், இரண்டு வகையிலும் சிஏஎஸ் என்ற சமிக்ஞை விழுந்ததும் சில்லு தரவை வெளியே நீட்டும். சமிக்ஞை விலகியதும் ஃபாஸ்ட் பேஜ் சில்லு கையை இழுத்துக்கொள்ளும். இடிஓ சில்லு அடுத்த சமிக்ஞை வரும்வரை நீட்டிக்கொண்டே நிற்கும். இடிஓ என்று நம்பி ஓடும் கார்டு, சமிக்ஞை விலகிய பிறகும் தரவு அங்கேயே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளப் போகிறது. ஃபாஸ்ட் பேஜ் சில்லில் அந்த நேரத்துக்குள் கை காலி. எஸ்3 கார்டுகளில் எந்த வகை மெமரி இருக்கிறது என்பதைப் பலகையில் உள்ள சில மின்தடைகள் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகின்றன. அது முழு கார்டுக்கும் ஒரே பதில். பாதிக்கு ஒன்று, மீதிக்கு ஒன்று என்று கிடையாது.

நல்ல சில்லுகள் கிடைத்தது நண்பர் ஒருவரின் பெட்டியில். சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதி மூடப்படும்வரை அவர் வாரந்தோறும் போய்ப் பழைய கார்டுகளாக அள்ளிக்கொண்டு வருவார். அந்தப் பெட்டியில் செத்துப்போன வீடியோ கார்டு ஒன்று, அதன் சாக்கெட்டில் கேஎம்416சி254, '-6', இரண்டு. வேண்டிய அதே ஜோடி.

நான்கில் ஒரு கோடு

அடுத்த சனிக்கிழமை சில்லுகளோடு போனேன். மடித்து வைத்த பழைய தமிழ் முரசுத் தாளைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, கையில் நிலைமின் பட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சில்லின் முதல் கால் இருக்கும் பக்கத்தில் ஓர் அடையாளம் இருக்கும், சாக்கெட்டிலும் அதே இடம் குறிக்கப்பட்டிருக்கும். பொருத்தி, இரண்டு கட்டைவிரலாலும் சமமாக அழுத்தினால் 'டிக்' என்று உட்காரும்.

தொடங்கினேன். 2 மெகாபைட் என்று காட்டியது. விண்டோஸ் ஏறியது. திரை அமைப்பில் 1024க்கு 768ஐ நகர்த்தியபோது, இதுவரை 256க்குக் குதித்துக்கொண்டிருந்த நிறப்பெட்டி 'ஹை கலர்' என்றே நின்றது. டீச்சர் கைதட்டினார். மறுதொடக்கம் ஆகி வந்தபோது திரை முழுவதும் மேலிருந்து கீழாக மெல்லிய பச்சைக் கோடுகள். தூரத்தில் பார்த்தால் பச்சைச் சாயம் பூசியதுபோல இருந்தது, அருகே போனால் கோடு கோடாக.

இந்த இடத்தில் அவசரப்பட்டுச் சில்லு கெட்டது என்று தூக்கிப்போடுபவர்கள் நிறையப் பேர். கோடுகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்பதுதான் முதல் வேலை. விண்டோஸில் உள்ள பெயின்ட் நிரலைத் திறந்து முழுத்திரைக்குக் கறுப்பு நிரப்பினேன். கைப்பேசி கேமராவைத் திரையில் ஒட்டினாற்போல வைத்து இடது விளிம்பைப் படம் எடுத்துப் பெரிதாக்கி எண்ணினேன். நான்காவது நெடுவரிசை பச்சை. எட்டாவது பச்சை. பன்னிரண்டாவது. சரியாக நான்குக்கு ஒன்று, நடுவில் மூன்றும் சுத்தமான கறுப்பு.

பாதை 64 பிட் அகலம். இரண்டு பைட் நிறத்தில் ஒரு பிக்சல் 16 பிட். ஆக ஒரே நேரத்தில் நான்கு பிக்சல் வருகிறது, சில்லுக்கு ஒரு பிக்சல். முதல் பிக்சல் முதல் சில்லில், நான்காவது நான்காவதில். திரை முழுக்க ஒரு சில்லு தன் பங்கை மட்டும் தப்பாகத் தருகிறது. அதிலும் பச்சை மட்டும். 16 பிட்டில் நீலத்துக்கு ஐந்து, பச்சைக்கு ஆறு, சிவப்புக்கு ஐந்து. கறுப்பில் நடுத்தரமான பச்சை எரிகிறது, பச்சை நிரப்பினால் வித்தியாசமே தெரியவில்லை. அப்படியானால் பச்சையின் உச்சப் பிட் எப்போதும் 1 ஆகவே நிற்கிறது. 40 காலில் ஒரே ஒரு தரவுக்கால்.

உறுதிப்படுத்திக்கொள்ள 256 நிறத்துக்கு மாற்றி மறுதொடக்கம் செய்தேன். அங்கே பிக்சலுக்கு ஒரு பைட், ஒரு நேரத்தில் எட்டுப் பிக்சல் வரும். நினைத்ததுபோலவே கோடுகளின் இடைவெளி நான்கிலிருந்து எட்டானது. கணக்கு ஒத்துப்போனபோது எனக்கு வந்த மகிழ்ச்சியை டீச்சரிடம் சொல்லிப் புரியவைக்கப் பார்த்தேன். அவர் பேப்பரில் எழுதிக்காட்டச் சொன்னார், நான்கு கட்டம் போட்டு எழுதியதும் பிடித்துக்கொண்டார். "அப்போ நாலாவது பிள்ளை மட்டும் எப்பவும் கையைத் தூக்கிக்கிட்டே இருக்கான்" என்றார். அதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது.

இனி கேள்வி ஒன்றுதான். பிள்ளை தப்பா, நாற்காலி தப்பா? கணினியை அணைத்து, புதிய சில்லுகள் இரண்டையும் இடம் மாற்றிச் செருகினேன். கோடு மூன்றாம் நெடுவரிசைக்கு நகர்ந்தால் சில்லு கெட்டது, நான்கிலேயே நின்றால் சாக்கெட். நான்கிலேயே நின்றது. சமையலறையிலிருந்து ஒரு மரச் சாப்ஸ்டிக்கை வாங்கி, ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சில்லின் முதுகில் மெல்ல அழுத்தினேன். பச்சைக் கோடுகள் அத்தனையும் மறைந்தன. விட்டதும் திரும்ப வந்தன.

சில்லைக் கழற்றி உருப்பெருக்கியில் பார்த்தபோது அந்தச் சாக்கெட்டின் ஒரு வரிசையில், சில்லின் காலைத் தொடும் தகடுகளில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட உள்வாங்கி இருந்தது, தலையில் மங்கலான பச்சைப் படலம். இத்தனை வருடம் காலியாகத் திறந்து கிடந்த சாக்கெட், நம் ஊர் ஈரப்பதம். சிம் லிம் டவரில் வாங்கிவைத்திருந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பல்துலக்கும் பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்தேன். தகட்டைத் தூக்க மெல்லிய கம்பி வேண்டும். டீச்சர் தையல் இயந்திரத்தின் இழுப்பறையைத் திறந்து நான்கைந்து அளவில் ஊசிகளை மேசையில் வரிசையாக வைத்தார். அதில் நடுவான ஒன்றால் தகட்டின் பின்னால் நுனியைக் கொடுத்து, மயிரிழை அளவுக்கு முன்னால் தள்ளினேன். இது கொஞ்சம் பயமான வேலை. அழுத்தம் கூடினால் தகடு ஒடிந்துவிடும், ஒடிந்தால் அந்த சாக்கெட் முழுவதும் வீண். இரண்டாவது முறையில் மற்றத் தகடுகளோடு ஒரே கோட்டுக்கு வந்தது. அதன் மேல் சில்லை வைத்து அழுத்தியபோது, முன்பு கேட்காத ஓர் இறுக்கம் விரலுக்குத் தெரிந்தது.

கறுப்புத் திரை கறுப்பாக வந்தது. சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை ஒவ்வொன்றாக நிரப்பி, ஒவ்வொன்றையும் படம் எடுத்து எண்ணினேன். ஏசி போடாமல், ஜன்னலைத் திறந்துவைத்து, மதியம் முழுக்க ஓடவிட்டோம். சூடேறினால் கோடு திரும்புமோ என்ற பயம் எனக்கு. திரும்பவில்லை.

இப்போது

பேஜ்மேக்கரில் பக்கத்தின் அகலம் முழுவதும் தெரியும்படி வைத்தால், 800 பிக்சல் திரையில் 12 பாயின்ட் எழுத்துக்குக் கிடைத்த உயரம் ஏறத்தாழ 16 பிக்சல். இப்போது 20க்கு மேல். அதோடு ஒவ்வொரு பிக்சலும் கண்ணாடியில் உள்ள பிக்சலோடு ஒன்றுக்கு ஒன்று பொருந்துகிறது, கசிவு இல்லை. நான்கு பிக்சல்தானே கூடியிருக்கிறது என்று நினைக்கலாம். 'ணை'யையும் 'னை'யையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும் அந்த நான்கின் அருமை.

முகங்களும் தெரிகின்றன. 24 பிட் முழு நிறம் இந்த அளவில் வராது, அதற்கு 2,359,296 பைட் வேண்டும், இரண்டு மெகாபைட் என்பது 2,097,152. அதனால் படத்தின் பின்னணியில் இருக்கும் வானத்தில் மெல்லிய படிக்கட்டுபோல நிறமாற்றம் தெரியும். முகத்துக்கு அது குறையில்லை. பக்கத்தை உருட்டும்போது முன்பு மேலிருந்து கீழாக விரிந்து வரும், இப்போது பட்டென்று வருகிறது. 64 தடத்தின் வேலை.

எல்லாம் மாறிவிடவில்லை என்பதையும் எழுத வேண்டும். பேஜ்மேக்கர் திறக்க எடுக்கும் நேரம் அப்படியேதான், அது வன்தட்டும் ரேமும் சம்பந்தப்பட்டது. டீச்சரின் பேரன் ஓடிவந்து பழைய டாஸ் விளையாட்டு ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் மாறவில்லையே என்றான். அந்த விளையாட்டின் திரை 320க்கு 200, மொத்தம் 64,000 பைட். அதற்கு ஒரு மெகாபைட்டே கடல்.

அன்று சாயங்காலம் நான் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது டீச்சர் வேலையைத் தொடங்கிவிட்டார். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டார். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எழுதிய நாலுவரிக் கவிதை. 'என் மணம் மகிழும்' என்று இருந்தது. "இத்தனை நாள் இது 'மனம்'னு நினைச்சுத்தான் படிச்சேன். அச்சுலயும் இப்படியேதான் போயிருக்கும்" என்றார். மடிக்கணினியில் இரண்டு சுழி ன போட்டு அடித்தார். பக்கத்தில் பென்சிலால் அந்தப் பிள்ளையின் பெயரைக் குறித்துக்கொண்டார்.

அடுத்து வன்தட்டு. சத்தம் மாறியிருக்கிறது, மலர்கள் முழுவதையும் நகல் எடுத்துவிட்டுத்தான் அதைத் தொடவேண்டும். இப்போதைக்குப் பெட்டியை மூடுமுன் உள்பக்கத் தகட்டில் ஒரு துண்டுத்தாள் ஒட்டினேன், பின்னால் திறப்பவருக்காக: 'வீடியோ கார்டு 2 மெகாபைட். நான்கு சில்லும் இடிஓ, 60. ஃபாஸ்ட் பேஜ் போடாதீர்கள். நான்காவது சில்லின் சாக்கெட்டில் ஒரு தகடு ஊசியால் தூக்கியது, பச்சைக் கோடு வந்தால் முதலில் அதைப் பாருங்கள்.'